கண்ணை மறைக்கும் கண்ணாடியும் கண்ணுக்கு உதவும் கண்ணாடியும்

மும்பையிலிருந்து நெல்லைச் சீமைக்கு இரவு ரயிலில் போகிறவர்களுக்கு ஓர் அனுபவம் உண்டு. பெட்டிக்குள் விளக்கு எரிகிறது. வெளியே இருட்டு. கண்ணாடி ஜன்னலை இறக்கிவிட்டுப் பார்த்தால், தூரத்தில் ஏதோ ஓர் ஊரின் விளக்குகள் ஓடுகின்றன. அதே கண்ணாடியில் பார்ப்பவரின் முகமும் தெரிகிறது. முகத்தின் ஊடே ஊர் ஓடுகிறது. ஊரும் பொய்யல்ல, முகமும் பொய்யல்ல. ஆனால் அந்த முகம் வயல்வெளியில் இல்லை. இரண்டையும் சேர்த்துக் காட்டுவது ஒரு துண்டுக் கண்ணாடி.

இனி வேறொரு காட்சி. ஊர்த் திருவிழாவில் முன்பெல்லாம் பயாஸ்கோப் பெட்டி வரும். காசு கொடுத்துவிட்டுச் சிறுவன் துவாரத்தில் கண்ணை வைக்கிறான். பக்கத்து வெளிச்சம் படாமல் இரு கைகளாலும் முகத்தை மறைத்துக்கொள்கிறான். அவ்வளவுதான். தேரும் கூட்டமும் கடைத்தெருவும் மறைந்துவிட்டன. இப்போது அவன் இருப்பது டில்லியில், அல்லது ஆக்ராவில்.

முன்னதில், உள்ள உலகம் அப்படியே இருக்க, அதன்மேல் ஒரு படம் சேர்கிறது. பின்னதில், உள்ள உலகம் மறைந்து, வேறோர் உலகம் அந்த இடத்துக்கு வருகிறது. இன்று தொழிற்சாலை, பயிற்சிக் கூடம், ஆஸ்பத்திரி, விளையாட்டு என்று எங்கும் பேசப்படும் ஆக்மென்டட் ரியாலிட்டி, விர்ச்சுவல் ரியாலிட்டி என்ற இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுவே. சுருக்கமாக ஏ.ஆர்., வி.ஆர். என்பார்கள். ரயில் ஜன்னல் ஏ.ஆர்.; பயாஸ்கோப் பெட்டி வி.ஆர்.

இரண்டும் முகத்தில் மாட்டும் கண்ணாடியாக வருவதால், பலர் ஒன்றையே மற்றதாக நினைத்துவிடுகிறார்கள். பயிற்சி தருகிறோம் என்று பணம் வாங்குபவர்கள் சிலர் இரண்டு பெயர்களையும் கலந்து விளம்பரமும் செய்கிறார்கள். வேலை கற்க நினைப்பவருக்கும், பிள்ளைக்குக் கருவி வாங்க நினைப்பவருக்கும் இந்த வித்தியாசம் தெரிந்திருப்பது நல்லது.

இரண்டு கண், இரண்டு படம்

முதலில் வி.ஆர். எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம்.

மனிதனின் இரு கண்களுக்கும் இடையே ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் தூரம் இருக்கிறது. ஆகவே ஒரே பொருளை இரு கண்களும் சற்று மாறுபட்ட கோணத்தில் காண்கின்றன. இரண்டையும் சேர்த்து மூளை ஆழத்தைக் கணக்கிடுகிறது. இதை 1838-ம் ஆண்டிலேயே விளக்கியவர் ஆங்கில விஞ்ஞானி சார்லஸ் வீட்ஸ்டோன். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் தொழில் படித்தவர்களுக்கு "வீட்ஸ்டோன் பிரிட்ஜ்" மூலம் தெரிந்த அதே வீட்ஸ்டோன்தான். ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டினால், தட்டையான படமும் குழிவும் மேடுமாகத் தெரியும் என்று அவர் கருவி செய்து காட்டினார்.

இன்றைய வி.ஆர். கண்ணாடியிலும் அடிப்படை அதுதான். கண்ணுக்கு அருகே சிறு திரைகள்; நடுவே லென்ஸ். ஆனால் வீட்ஸ்டோனின் கருவியில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. தலை திரும்பினால் படமும் அதற்கு ஏற்பத் திரும்புகிறது. இடது பக்கம் பார்த்தால் அந்த மாய உலகின் இடது பக்கம் தெரியும். அண்ணாந்து பார்த்தால் அதன் வானம் தெரியும். தலையின் ஒவ்வொரு அசைவையும் அளந்து, ஒரு வினாடிக்கு 90 தடவை போலக் கம்ப்யூட்டர் படத்தைப் புதிதாக வரைகிறது.

தலை திரும்பிய பிறகு படம் திரும்பத் தாமதமானால் தொல்லை. ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்குக்குள் படம் மாற வேண்டும் என்று நிபுணர்கள் கணக்குச் சொல்கிறார்கள். இல்லாவிட்டால் தலை சுற்றும், குமட்டும். மலைப்பாதையில் பஸ்ஸில் போகும்போது வாந்தி வருவதற்குக் காரணம், உடல் அசைவதைக் காது நரம்பு சொல்ல, பஸ்ஸுக்குள் பார்க்கும் கண் அசையவில்லை என்று சொல்வதுதான். வி.ஆரில் அதற்கு நேர்மாறு. கண் "ஓடுகிறேன்" என்கிறது; உடல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. சண்டை ஒன்றுதான்.

உயிர் காத்த பொய் விமானம்

பொய் உலகத்தால் என்ன பயன் என்ற கேள்விக்கு, வி.ஆர். என்ற பெயர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே பதில் கிடைத்துவிட்டது.

அமெரிக்காவில் பியானோவும் ஆர்கனும் செய்த ஒரு குடும்பத்தில் பிறந்தவர் எட்வின் லிங்க். ஆர்கன் வாத்தியத்துக்குக் காற்று ஊதும் துருத்திகளைக் கொண்டே, தரையில் நின்றபடி சாயவும் திரும்பவும் கூடிய ஒரு சிறு விமானப் பெட்டியை 1929-ல் அவர் செய்தார். வாங்க ஆள் இல்லை. கேளிக்கைப் பூங்காக்களில் வேடிக்கைப் பொருளாக நின்றது.

1934-ல் அமெரிக்க ராணுவ விமானிகளிடம் தபால் கொண்டுபோகும் பொறுப்பு வந்தது. பனிக்காலம். மூடுபனியில் கருவிகளை மட்டும் பார்த்து விமானம் ஓட்டும் பழக்கம் அவர்களில் பலருக்கு இல்லை. சில வாரங்களில் பலர் விபத்தில் இறந்தார்கள். அதன் பிறகுதான் ராணுவம் லிங்க்கின் பெட்டியை வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கான விமானிகள் அதில் பழகினார்கள். பொய் விமானம் விழுந்தால் யாரும் சாவதில்லை. தவறு செய்து கற்க அங்கே இடம் உண்டு.

வி.ஆரின் பலம் இன்றும் இதுதான். நிஜத்தில் தவறினால் உயிர் போகும், அல்லது பொருள் நாசமாகும் என்ற வேலைகளுக்கு அது ஏற்றது. வெல்டிங் பழக, கிரேன் ஓட்டிப் பழக, தீயணைப்புப் பயிற்சி பெற இத்தகைய சாதனங்கள் இருக்கின்றன. வெல்டிங் பழகுபவன் ராடும் தகடும் செலவாகாமல் நூறு முறை கை பழகலாம்.

இன்னொரு பயன் ஆச்சரியமானது. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஹன்டர் ஹாப்மன், டேவிட் பேட்டர்சன் ஆகிய இருவரும், தீக்காயம் பட்ட நோயாளிகளுக்காக ஒரு பனி உலகத்தை அமைத்தார்கள். கட்டுப் பிரித்துக் காயத்தைச் சுத்தம் செய்யும்போது நோயாளி படும் வேதனை சொல்லி முடியாது. அந்த நேரத்தில் அவருக்கு வி.ஆர். கண்ணாடி மாட்டப்படுகிறது. பனிமலைப் பள்ளத்தாக்கில் மிதந்தபடி அவர் பனி உருண்டைகளை எறிந்து விளையாடுகிறார். கவனம் அங்கே போய்விடுவதால், மருந்தோடு சேர்ந்து இதுவும் வலியைக் குறைப்பதாக ஆராய்ச்சிகள் காட்டின. தன் காயத்தையும் நர்ஸின் கையையும் அவர் பார்க்காமல் இருப்பதே இங்கு வைத்தியம். உலகத்தை மறைப்பது இந்த இடத்தில் நன்மை.

மரப் பலகையில் பிறந்த பெயர்

உலகத்தை மறைக்கக் கூடாத இடமும் உண்டு. ஏ.ஆர். என்ற பெயர் பிறந்தது அப்படி ஓர் இடத்தில். அதுவும் ஒரு தொழிலாளியின் வேலையைப் பற்றிய யோசனையில்.

போயிங் 747-400 ரக விமானம் ஒன்றில் ஏறக்குறைய 274 கிலோமீட்டர் நீளத்துக்கு மின் கம்பிகள் ஓடுகின்றன. அவற்றை விமானத்துக்குள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக இழுக்க முடியாது. வெளியே பெரிய பலகைகளில் கம்பிகளைப் பரப்பி, கட்டுக் கட்டாகக் கட்டி, பிறகு கொண்டுபோய்ப் பொருத்துவார்கள். எந்தக் கம்பி எந்த வழியே போய் எந்த முனையில் சேர வேண்டும் என்பதற்குப் பலகையில் வரைபடம் ஒட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு வகைக் கட்டுக்கும் ஒரு பலகை. விமானத்தின் அமைப்பில் சிறு மாறுதல் வந்தாலும் பலகையை மாற்ற வேண்டும். பலகைகளைச் செய்வதும், அடுக்கி வைப்பதும், திருத்துவதும் பெருஞ்செலவு.

1990-ல் போயிங் கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள் டாம் காடெல், டேவிட் மிசெல் இருவரும் இதற்கு மாற்று யோசித்தார்கள். பலகையை வெறுமையாக விட்டுவிடலாம். தொழிலாளியின் தலையில் ஒரு கண்ணாடி. அதன் வழியே பலகையும் தெரியும், கம்பியும் தெரியும், தன் கையும் தெரியும். இந்தக் கம்பி போக வேண்டிய வழி மட்டும் ஓர் ஒளிக்கோடாகப் பலகையின்மேல் தெரிய வேண்டும். அடுத்த கம்பியை எடுத்தால் அடுத்த கோடு. இந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயரே ஆக்மென்டட் ரியாலிட்டி. உள்ளதை மாற்றாமல், உள்ளதோடு கொஞ்சம் கூட்டிக் கொடுப்பது என்று பொருள். 1992-ல் தங்கள் யோசனையைக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

விர்ச்சுவல் ரியாலிட்டி என்ற பெயரைச் சில ஆண்டுகள் முன்னதாகப் பரப்பியவர் ஜாரன் லேனியர் என்ற அமெரிக்கர். ஆனால் இரண்டுக்கும் மூதாதை ஒன்றே. 1968-ல் ஐவன் சதர்லாந்து என்ற கம்ப்யூட்டர் விஞ்ஞானி தலையில் மாட்டும் படக் கருவி ஒன்றைச் செய்தார். தலையின் அசைவை அளக்கும் இரும்புக் கை கூரையிலிருந்து தொங்கியது. தலைக்குமேல் ஒற்றை மயிரிழையில் தொங்கிய வாளைப் பற்றிய கிரேக்கக் கதையை நினைத்து, அதற்கு "டெமாக்ளிஸின் வாள்" என்று பட்டப் பெயர் வந்தது. அதை மாட்டியவருக்கு அறையும் தெரிந்தது. அந்தரத்தில் கோடுகளால் ஆன ஒரு கனசதுரமும் தெரிந்தது. நடந்து சுற்றினால் அதன் மறுபக்கமும் தெரிந்தது.

ஒரு டிகிரியின் விலை

பார்வைக்கு ஏ.ஆர். சுலபமாகத் தோன்றும். முழு உலகத்தை வரைய வேண்டாம். ஒரு கோடு வரைந்தால் போதுமே! உண்மை அதற்கு மாறானது.

வி.ஆர். உலகத்தில் ஒரு சுவர் ஒரு டிகிரி தள்ளி நின்றால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அங்கே நிஜச் சுவர் இல்லை. ஏ.ஆரில் நிஜம் பக்கத்திலேயே நிற்கிறது. ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு டிகிரி பிசகினால் கோடு ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் தள்ளி விழும். துளை போட வேண்டிய இடத்தை அந்தக் கோட்டை நம்பிக் குறித்தால், தகடு வீண். கை வைக்க வேண்டிய முனையை அதை நம்பித் தொட்டால் ஆபத்து. ஆகவே கருவியின் கேமரா சுற்றுப்புறத்தின் மூலை முடுக்குகளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தலை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று ஓயாமல் கணக்கிட வேண்டும்.

இன்னொரு சங்கடம் வெயில். ஊடே பார்க்கும் கண்ணாடி, கண்ணுக்கு வரும் வெளிச்சத்தோடு தன் வெளிச்சத்தைக் கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது. கருப்பு நிறத்தை அதனால் காட்ட முடியாது. நடுப்பகலில் ரயில் ஜன்னலில் முகம் தெரியாதது போலவே, நல்ல வெயிலில் அதன் படமும் மங்கிவிடும்.

ஆராய்ச்சியாளர் ரொனால்ட் அசுமா 1997-ல் ஏ.ஆருக்கு மூன்று இலக்கணங்கள் வகுத்தார். நிஜமும் படமும் கலந்திருக்க வேண்டும். பார்ப்பவரின் செயலுக்கு உடனுக்குடன் அது மாற வேண்டும். படம் நிஜ இடத்தில் பொருந்தி நிற்க வேண்டும். மூன்றாவதுதான் மிகக் கடினம்.

இந்தக் கடினமான வேலையைப் போர் விமானங்கள் வேறு வகையில் நெடுநாளாகச் செய்து வருகின்றன. விமானியின் முகத்துக்கு நேரே சாய்வான கண்ணாடி. அதில் வேகம், உயரம், இலக்கு எல்லாம் ஒளியாகத் தெரியும். அதன் ஊடே வானமும் தெரியும். எழுத்தைப் படிக்கக் குனிய வேண்டியதில்லை. பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் கட்டும் தேஜஸ் விமானத்துக்கு இந்தக் கருவியை உருவாக்கியது சண்டிகரில் உள்ள மத்திய விஞ்ஞானக் கருவிகள் நிறுவனம்.

சட்டைப் பையில் உள்ளது

ஏ.ஆரைப் பார்க்கச் சண்டிகர் போக வேண்டியதில்லை. பலரின் சட்டைப் பையிலேயே அது இருக்கிறது.

வேலை தேடி வடக்கே வந்தவருக்கு இந்தி எழுத்துத் தெரியாது. ஓர் ஆபீஸ் வாசலில் இந்தியில் ஒரு போர்டு. செல்போனில் மொழிபெயர்ப்பு வசதியைத் திறந்து கேமராவை அதன்முன் காட்டினால், திரையில் அதே போர்டு தெரிகிறது. இந்தி எழுத்து இருந்த இடத்தில் தமிழ் எழுத்து. போனை நகர்த்தினாலும் எழுத்து போர்டோடு ஒட்டி நிற்க முயல்கிறது. இது ஏ.ஆர். காரைப் பின்னால் எடுக்கும்போது கேமராத் திரையில், ஸ்டியரிங் திருப்பினால் வளையும் மஞ்சள் கோடுகளும் அதன் எளிய வடிவமே. 2016-ல் தெருத் தெருவாக இளைஞர்களை அலைய வைத்த போக்கிமான் கோ விளையாட்டும் இந்த வகைதான்.

அதே போனை அட்டைப் பெட்டிக்குள் செருகி, இரண்டு லென்ஸ் வழியே கண்ணை ஒட்டிப் பார்த்தால் அது வி.ஆர். கூகுள் கம்பெனி 2014-ல் அப்படி ஓர் அட்டைப் பெட்டியை வெளியிட்டது. கருவி ஒன்றே, உலகம் தெரிகிறதா, மறைகிறதா என்பதில்தான் வித்தியாசம்.

இரண்டுக்கும் நடுவே ஒரே கோடு கிழித்துவிட முடியாது என்று 1994-லேயே பால் மில்கிராம், புமியோ கிஷினோ என்ற இருவர் எழுதினார்கள். ஒரு முனையில் முழு நிஜம். மறுமுனையில் முழு மாயம். நடுவே பல படிகள் என்பது அவர்கள் கருத்து. 2024-ல் அமெரிக்காவில் 3,499 டாலர் விலையில் விற்பனைக்கு வந்த ஆப்பிள் கம்பெனியின் விஷன் புரோ இதற்கு உதாரணம். அது கண்ணை முழுதும் மூடுகிறது. ஆனால் வெளியே உள்ள கேமராக்கள் அறையைப் படம் பிடித்து உள்ளே காட்டுகின்றன. ஒரு திருகைத் திருகினால் அறை மறைந்து மாய உலகம் வரும்.

இதுபோன்றவற்றைப் பிரித்தறிய ஒரு சுலபமான சோதனை உண்டு. திடீரென்று மின்சாரம் நின்றால் என்ன தெரியும்? வி.ஆரில் இருட்டு. ஊடே பார்க்கும் ஏ.ஆர். கண்ணாடியில் கோடு மட்டும் போகும், உலகம் இருக்கும். விஷன் புரோவில் நிஜ அறையைக் காட்டினாலும், நின்றால் இருட்டுத்தான். ஓடுகிற மிஷினுக்குப் பக்கத்தில் நிற்பவர் எதை மாட்டலாம், எதை மாட்டக் கூடாது என்பதற்கு இந்த ஒரு கேள்வியே போதும்.

கை யாருடையது?

காடெலும் மிசெலும் கண்ட கனவு என்ன ஆயிற்று?

பாதி பலித்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, போயிங் கம்பெனி அதே கம்பிக் கட்டும் வேலையில் கூகுள் கிளாஸ் என்ற சிறு கண்ணாடியைச் சோதித்தது. அது பலகைமேல் ஒளிக்கோடு வரையவில்லை. கண்ணின் ஓரத்தில் அடுத்த கம்பியின் எண்ணையும் முனையையும் காட்டியது, அவ்வளவே. கறாராகச் சொன்னால் அது ஏ.ஆர். ஆகாது. ஆயினும் வேலை நேரத்தில் கால் பங்கு மிச்சமானதாகக் கம்பெனி தெரிவித்தது. கம்பியிலிருந்து கையை எடுத்து, திரும்பி, பட்டியலைப் பார்த்து, மறுபடி இடத்தைத் தேடும் சிரமம் இல்லாமல் போனதே காரணம்.

கருவி செய்த கம்பெனிகளுக்கோ இது லாபத் தொழிலாக அமையவில்லை. கூகுள் கிளாஸ் விற்பனை 2023-ல் நின்றது. 2016-ல் வெளிவந்து தொழிற்சாலைகளிலும் ராணுவத்திலும் சோதிக்கப்பட்ட மைக்ரோசாப்ட்டின் ஹோலோலென்ஸ் கண்ணாடியின் உற்பத்தி முடிவதாக 2024-ல் அறிவிக்கப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி. உட்படப் பல இடங்களில் ஆராய்ச்சி தொடர்கிறது.

தொழிலாளி கேட்க வேண்டிய கேள்விகளும் தொடர்கின்றன. கண்ணாடியே அடுத்த வேலையைச் சொல்லிவிடுமானால், பத்து வருஷம் பழகியவரும் பத்து நாள் பழகியவரும் ஒன்றாகிவிடுவார்களா? கண்ணாடியில் உள்ள கேமரா பலகையை மட்டுமா பார்க்கிறது, அதை மாட்டியவர் எத்தனை நிமிஷம் சும்மா நின்றார் என்பதையும் பார்க்கிறதா? இவற்றுக்கு விடை விஞ்ஞானத்தில் இல்லை. அந்தக் கருவியை வாங்குபவரும் மாட்டுபவரும் பேசி முடிக்க வேண்டிய விஷயங்கள் அவை.

பயிற்சி என்ற பெயரில் பணம் கேட்கும் இடத்தில் கேட்க வேண்டியது வேறு. வி.ஆரில் வெல்டிங் பழகியவருக்குக் கை அசைவு வரும். இரும்பின் சூடும், புகையும், கையில் ராடு ஒட்டிக்கொள்ளும் எரிச்சலும் அதில் முழுதாக வராது. எனவே மாய உலகில் இத்தனை மணி என்றால், அதன் பிறகு நிஜ மேஜையில் எத்தனை மணி என்று கேட்பதே புத்திசாலித்தனம். இரண்டாவதற்குப் பதில் இல்லையென்றால், அது பயிற்சி அல்ல, பயாஸ்கோப்.

கண்ணாடியில் தெரியும் கோடு கம்பி போக வேண்டிய வழியைச் சொல்லும். அந்தக் கம்பியை எவ்வளவு இழுக்க வேண்டும், எங்கே தளர்த்திவிட வேண்டும் என்பதைத் தொழிலாளியின் விரல்தான் அறியும். அந்த விரலை அவர் கண்ணுக்கு மறைக்காமல் விடுவது ஏ.ஆர். என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இரண்டு பெயர்களும் இனிக் குழம்பாது.